எழும்பூரா, சென்ட்ரலா? ரயிலுக்கு முன் அரை நாள்

சென்னையில் ரயில் ஏறும் முன் அரை நாள் கிடைத்தால் எந்தப் பக்கம் சுற்றலாம் என்று பலர் குழம்புகிறார்கள்.

பார்க்க:
எழும்பூர் – பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகம், 1851இல் தொடங்கியது. செப்புத் திருமேனிகளுக்கே இரண்டு மணி நேரம் வேண்டும். திருவாலங்காட்டு நடராசர் முன் நின்றால் நகர மனம் வராது. வெள்ளிக்கிழமை விடுமுறை.
சென்ட்ரல் – ரிப்பன் மாளிகை, விக்டோரியா அரங்கம். வெளியே நின்று ரசிக்கலாம்.

கடற்கரை:
சென்ட்ரல்தான் வசதி. பூங்கா நகரில் பறக்கும் ரயில் பிடித்துத் திருவல்லிக்கேணியில் இறங்கினால் மெரினா நடைதூரம்.

தங்க:
எழும்பூர். கென்னட் லேனில் விடுதிகள் வரிசையாக உண்டு.

சிலைகளில் ஆர்வமிருந்தால் யோசிக்காமல் எழும்பூர். பிள்ளைகள் அலையில் கால் நனைக்க வேண்டுமா? சரி, சென்ட்ரல்.