முடியும் எச்சிலும் அனுப்பினால் நாயின் அலர்ஜியைக் கண்டுபிடிப்பார்களாம்: 18,500 ரூபாய் போச்சு, நீங்களும் கட்டிவிடாதீர்கள்

பெங்களூரில் நாய் வளர்க்கும் நம் ஆட்கள் யாராக இருந்தாலும் இதைப் படித்துவிட்டு இன்னும் நாலு பேரிடம் சொல்லுங்கள். நேற்று ராத்திரி அந்த ஆன்லைன் நிறுவனத்திடமிருந்து வந்த கடைசிப் பதிலைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. 18,500 ரூபாய். என் நாய்க்கு எது கூடாது என்று அவர்களே ரிப்போர்ட் கொடுத்துவிட்டு, அதையே பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். சாப்பாட்டு அலர்ஜியை எப்படி அடையாளம் கண்டுகொள்வது, எப்படிச் சமாளிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மணி எங்கள் வீட்டு லேப்ரடார், நாலு வயது. அல்சூரில் இருக்கிறோம். போன வருடத்திலிருந்தே பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான், விரல் இடுக்கில் இருக்கிற வெளிர் முடியெல்லாம் எச்சில் பட்டுப் பட்டுத் துரு நிறமாகிவிட்டது. காதில் ஒரு புளித்த வாடை, சொட்டு மருந்து விட்டால் போகும், நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவான். மழை, வெயில், பனி எந்தக் காலமானாலும் அரிப்பு மட்டும் ஒரே மாதிரி. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து போட்டுப் பார்த்தாச்சு. ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும்வரை நிம்மதியாகத் தூங்குவான், மாத்திரை முடிந்தால் ராத்திரி முழுக்கச் சொறிகிற சத்தம்தான். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், குறைந்தது எட்டு வாரம் பத்தியம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. செல்லப்பிராணிகளுக்கான ஓர் ஆன்லைன் நிறுவனம், பெயர் இங்கே வேண்டாம். கொஞ்சம் முடியும், பஞ்சுக் குச்சியில் எச்சிலும் எடுத்து அனுப்பினால் போதும், எட்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம், எதெல்லாம் அலர்ஜி என்று ரிப்போர்ட் வரும், அதற்குத் தகுந்த தீனி வீடு தேடி வரும் என்று போட்டிருந்தார்கள்.

நம்பரைக் கொடுத்ததும் ஒரு பையன் கூப்பிட்டான். இங்கிலீஷில் ஆரம்பித்தவன், நான் பேசின ரெண்டாவது வார்த்தையிலேயே "அக்கா, நீங்க தமிழா? நான் வேலூர்க்கா" என்றான். இந்த ஊரில் ஆபீஸில் இங்கிலீஷ், ஆட்டோவில் கன்னடம், செக்யூரிட்டியிடம் இந்தி என்று நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவர்களுக்குத் தெரியும், வாய் நிறைய அக்கா என்று ஒருத்தன் கூப்பிட்டால் மனசு எப்படி இளகும் என்று. அவன் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறதாம், இதே அரிப்பாம், இவர்கள் தீனியில்தான் சரியானதாம். தீனி போடுவதற்கு முன், போட்ட பின் என்று ரெண்டு போட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நாய் பெயரைக் கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் "நம்ம மணி, நம்ம மணி" என்றே பேசினான். "பணத்தை விடுங்கக்கா, மொதல்ல நம்ம மணி ராத்திரி தூங்கட்டும்" என்று சொன்னான் பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் பணத்தை அனுப்பினேன். டெஸ்டுக்கு 6,500, மூன்று மாதத் தீனிக்கு 12,000. மொத்தம் 18,500.

ரிப்போர்ட் வழவழவென்று பக்கம் பக்கமாக வந்தது. கோழி, அரிசி, பூசணி, ஆப்பிள், சால்மன், ப்ளூபெர்ரி எல்லாவற்றுக்கும் சிவப்பு. சால்மனையும் ப்ளூபெர்ரியையும் மணி கண்ணால்கூடப் பார்த்ததில்லை! ஒரு புரதத்தை உடம்பு முன்னாலேயே சந்தித்திருந்தால்தான் அதன்மேல் அலர்ஜி வரும் என்று பிறகு டாக்டர் சொன்னார். ஆட்டிறைச்சிக்கு மட்டும் பச்சை. என்ன ஆச்சரியம், அவர்கள் விற்பதும் "ஆட்டிறைச்சி மட்டும்" என்று எழுதின தீனிதான்.

அதைப் போட ஆரம்பித்த பிறகு காது சிவந்து வீங்கிவிட்டது, வயிற்றுப்பக்கம் சொறிந்து சொறிந்து புண். கேட்டால், "உள்ள இருக்கிற நச்சு வெளிய வருதுக்கா, மொதல்ல அப்படித்தான் இருக்கும், பத்து நாள் பொறுங்க" என்றான். பொறுத்தேன், புண் பெரிதானது. ஒரு நாள் பையைத் திருப்பிப் பார்க்கிறேன், பின்பக்கம் பொருட்கள் பட்டியல் இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நகத்தால் கீறி, ஈரத்துணி வைத்து மெதுவாக உரித்தேன். அடியில் பையிலேயே அச்சடித்திருந்த பழைய பட்டியல். முதல் பெயரே கோழி இறைச்சித் தூள், நாலாவதாகக் கோழிக் கொழுப்பு. ஆடு என்ற பேச்சே அதில் இல்லை.

படம் எடுத்து அந்தப் பையனுக்கு அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் அனுப்பினதற்கு ஒற்றை டிக்தான். என் கணவர் நம்பரிலிருந்து கூப்பிட்டால் எடுத்தான், என் குரல் கேட்டதும் "யார் பேசறீங்க மேடம்?" என்கிறான். அக்கா போய் மேடம்! கஸ்டமர் கேரில் ஒரு பெண் இந்தியில், கிடங்கில் விசாரிக்கிறோம் என்றாள். அடுத்தவர், பிரித்த பைக்குப் பணம் தர மாட்டோம் என்றார். பிரிக்காமல் நாய்க்கு எப்படிச் சோறு போடுவது? டெஸ்ட் பணம் கேட்டால் அந்தச் சேவை முடிந்துவிட்டதாம். நேற்று வந்த கடைசிப் பதில்: அடுத்த முறை வாங்கினால் 500 ரூபாய் தள்ளுபடிக் கூப்பன், உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது, கூடவே சிரிக்கிற ஒரு பொம்மை. 18,500 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன்!

ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டியபோது, ரிப்போர்ட்டைப் பாதி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முடியையும் எச்சிலையும் வைத்து அலர்ஜி சொல்ல முடியாது, வெளிநாட்டில் பொம்மையின் ரோமத்தையும் வெறும் உப்புத் தண்ணீரையும் இப்படி அனுப்பிப் பார்த்த ஆராய்ச்சியிலேயே அதற்கும் அலர்ஜி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது என்றார்கள். இப்போது மணிக்கு அவன் இதுவரை சாப்பிடாத பன்றி இறைச்சியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும்தான், வேறு ஒன்றும் கிடையாது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு ஓடவில்லை, அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்க அரிப்பு, திரும்பத் திரும்பக் காது, பாதம் நக்குவது, கூடவே அடிக்கடி இளகலாகப் போவது என்றால் சாப்பாட்டைச் சந்தேகப்படுங்கள். மாட்டிறைச்சி, பால், கோழி, கோதுமைதான் நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை, அதனால் தயிர் சாதமும் பிஸ்கட்டும்கூடக் கணக்கில் வரும். பத்தியம் என்றால் நாய் இதுவரை சாப்பிடாத உணவை மட்டும் டாக்டர் சொல்படி குறைந்தது எட்டு வாரம் கொடுப்பது, நடுவில் ஒரு துண்டுகூட வேறு எதுவும் கூடாது, இறைச்சி வாசனை சேர்த்த பூச்சி மாத்திரை உட்பட. சரியானதும் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்று பார்த்தால்தான் உறுதி. ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். தீனிப் பையில் ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே உரித்துப் பாருங்கள்.

ஆன்லைனில் விற்பவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளில் இருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லியாகிவிட்டது. இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டின பை உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உரிப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், என் புகாரோடு சேர்க்கிறேன்.