கரும்பைனோடு எட்டு ஆண்டுகள்

ஜப்பானின் சைதாமா மாகாணத்து ஓமியாவில், 1923 நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோவை விட்டு நல்ல மண்ணும் நீரும் தேடிவந்த வளர்ப்பாளர்கள் 1925இல் அமைத்த, தொட்டியில் குட்டையாக மரம் வளர்க்கும் போன்சாய்க் கலைக்கான கிராமம் இருக்கிறது. ஜப்பானியர் குரோமாட்சு என்று அழைக்கும் என் கரும்பைனை, 2017 வசந்தத்தில் அங்குதான் வாங்கினேன். அப்போது அதற்கு வயது பதினைந்து இருக்கலாம். உயரம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. அன்றிலிருந்து அது என் வீட்டின் தெற்குப் பார்த்த மாடத்தில், திறந்த வெயிலில் நிற்கிறது.

இந்த மரத்தின் ஆண்டுக் கணக்கு முழுவதும் ஜூன் இறுதியைச் சுற்றியே அமைகிறது. ஏப்ரலில் வெண்ணிற மொட்டுகள் மெழுகுவர்த்திபோல் நிமிர்ந்து நீள்கின்றன. அவற்றை அப்படியே விட்டால் ஊசியிலைகள் விரல் நீளத்தையும் தாண்டி, சிறு மரத்துக்குப் பொருந்தாத கோலமாகிவிடும். ஆகவே ஜூன் இறுதியிலோ ஜூலை தொடக்கத்திலோ அவ்வாண்டுக் குருத்துகளை அடியோடு வெட்டுகிறோம். மெகிரி எனப்படும் இவ்வேலைக்குப் பின் புதிதாக வெடிக்கும் மொட்டுகளுக்கு வளரும் காலம் குறைவு என்பதால் ஊசிகள் குட்டையாகவே நின்றுவிடுகின்றன. நான் மெலிந்த குருத்துகளை முதலில் வெட்டி, வீரியமுள்ள உச்சிக் குருத்துகளைப் பத்து நாள் கழித்து வெட்டுகிறேன்; முந்திக்கொள்ளும் வாய்ப்பு மெலிந்தவற்றுக்குக் கிடைப்பதால் மரம் முழுவதும் வலு சமமாகிறது. வெட்டிய இடத்தில் சில நொடிகளில் ஊசிமுனையளவு பிசின் துளிர்க்கும். அது தாராளமாகத் துளிர்த்தால் மரம் நலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

இதே வேலையில்தான் நான் பெரும் தவறும் செய்தேன். 2018 மார்ச்சில் தொட்டி மாற்றி, வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தேன். மே மாதத்தில் குருத்துகள் செழித்ததைக் கண்டு மரம் தேறிவிட்டது என்று நம்பி, ஜூன் இறுதியில் மெகிரியும் செய்தேன். அந்தச் செழிப்பு முந்தைய ஆண்டின் சேமிப்பு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஜூலை 23 அன்று இதே மாகாணத்தின் குமகாயாவில் வெப்பம் 41.1 டிகிரியைத் தொட்டது. என் மரத்தின் இடப்பக்க அடிக்கிளையில் ஒரு மொட்டுகூட வரவில்லை. செப்டம்பருக்குள் அது பழுப்பாகிக் காய்ந்தது. வேரையும் குருத்தையும் ஒரே ஆண்டில் வெட்டக் கூடாது என்பதை அந்தக் கிளையைக் கொடுத்துத்தான் கற்றேன்.

மற்ற பருவங்கள் இவ்வளவு சோதிப்பதில்லை. இலையுதிர்காலத்தில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு மொட்டுகளை மட்டும் நிறுத்தி, பழைய ஊசிகளைக் கையால் பிடுங்குகிறேன். உள்ளே வெளிச்சம் புகாவிட்டால் உள்மொட்டுகள் செத்துவிடும். குளிர்காலத்தில் செம்புக் கம்பி கட்டுகிறேன். பனிக்கு அஞ்சி மரத்தை அறைக்குள் கொண்டுவருவது தவறு. அதற்கு அந்த உறக்கம் வேண்டும். ஆனால் வறண்ட வடமேற்குக் காற்று மண்ணை ஓசையின்றி உலர்த்திவிடும் என்பதால் அப்போதும் நீரை மறக்கலாகாது. நீரூற்றப் பழகவே மூன்றாண்டு என்பது இங்குள்ளோர் வழக்கு. எனக்கு ஐந்தாண்டு பிடித்தது.

உரமாகப் பிண்ணாக்கு உருண்டைகளே போதும். குருத்து வெட்டும் முன் அவற்றை எடுத்துவிட்டு, புதுமொட்டுகள் ஊன்றிய பின் மீண்டும் வைக்கிறேன். மண்ணில் அகடாமா என்னும் களிமண் குருணையும் எரிமலைச் சரளையும் சலித்துத் தூசு நீக்கிக் கலக்கிறேன்.

இந்த மார்ச்சில் மூன்றாம் முறையாகத் தொட்டி மாற்றினேன். வேர்களுக்கிடையே வெண்ணிறப் பூஞ்சை பஞ்சுபோல் படர்ந்து, காளான் மணம் வீசியது. பைனின் வேருக்குத் துணைநிற்பது அதுதான். ஆகவே பழைய மண்ணில் ஒரு கைப்பிடியைப் புதியதோடு சேர்த்தேன். காய்ந்த அடிக்கிளையை நான் அறுத்தெறியவில்லை; பட்டை உரித்து, ஜப்பானியர் ஜின் என்னும் வெள்ளைக் கட்டையாக விட்டிருக்கிறேன். இவ்வாண்டு மெகிரி இல்லை. ஊசிகள் நீண்டு, வாராத தலைபோல் நிற்கும் மரத்தைப் பார்த்து வருவோரெல்லாம் கத்தரி எங்கே என்று கேட்கிறார்கள்; நான் அந்த வெள்ளைக் கட்டையைக் காட்டுகிறேன்.