ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடை: பச்சைத் திரைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள்

ஹட்டன் புகையிரத நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு கொமினிகேஷன் கடையைப் பற்றி எழுதுகிறேன். போட்டோகொப்பி, லெமினேட்டிங், ரீலோட், கடவுச்சீட்டுப் படம் என்று எல்லாக் கொமினிகேஷனிலும் நடக்கிற வேலைகள்தான் இங்கேயும் நடக்கின்றன. கடையின் பெயரைப் போடலாமா என்று உரிமையாளரிடம் கேட்டேன். "வேண்டாம் டீச்சர், இங்கே யார் எதற்கு வருகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்" என்றார். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் என் தங்கச்சியோடு அங்கே போய்வருகிறேன். அவளுடைய மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். 16 வயதில் தனியாகப் போனவன். ஏன் போனான், எந்த வழியாகப் போனான் என்பது அவனுடைய கதை. அதை எழுத எனக்கு உரிமையில்லை. தஞ்சம் கேட்டிருக்கிறான், பெற்றவர்கள் பக்கத்தில் இல்லை என்பது மட்டும் இங்கே போதும்.

வீட்டுக்கு வீடு கைத்தொலைபேசி இருக்கும்போது கடை எதற்கு என்று கேட்பீர்கள். தங்கச்சி இருப்பது தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன். மலை மடிப்புக்குள் லயம், அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். சிக்னல் வேண்டுமென்றால் கோயில் பாறைக்கு ஏற வேண்டும். மழை நாளில் அதுவும் முடியாது. சிக்னல் கிடைத்தாலும் இரண்டு காம்பரா (அறை) வீட்டில் இரகசியம் ஏது? பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். முதல் மாதத்தில் ஒருநாள் அவன் போனில் அழுதுவிட்டான். மறுநாள் காலை பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போன தங்கச்சியிடம் நான்கு பேர், "பையன் ஏன் அழுதான்?" என்று கேட்டார்கள். அக்கறையில்தான் கேட்டார்கள். ஆனால் அது எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் அழவில்லை, பேசவும் இல்லை. "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்று சொல்வான், வைத்துவிடுவான்.

பிறகு நகரத்தில் வேறொரு கடைக்குப் போனோம். அங்கே போன் மேசையின் மேலேயே இருந்தது. ரீலோட் போட வந்தவர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஒருவர் திரையை எட்டியே பார்த்தார். கடைக்காரர் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். 4 நிமிடத்தில் பேச்சு முடிந்தது. வெளியே வந்ததும் தங்கச்சி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவனுடைய கண்ணைப் பார்க்கவே முடியவில்லை அக்கா" என்றாள்.

இந்தக் கடையில் அப்படியில்லை. உள்ளே, போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்புறம், காகிதப் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையை ஒதுக்கிப் பலகையடித்து ஒரு சின்ன அறை செய்திருக்கிறார்கள். கதவு கிடையாது, தடித்த பச்சைத் திரை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, புத்தக அளவில் ஒரு டப்ளட். முகம் பெரிதாகத் தெரிகிறது. காதில் மாட்டியும் பேசலாம், ஸ்பீக்கரில் போட்டும் பேசலாம். ரயில் பாதைப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு 150 ரூபா. அரை மணி கடந்தால் திரையைத் தட்டி எழுப்புகிற பழக்கம் அவருக்கு இல்லை. வெளியே இன்னொருவர் காத்திருந்தால் மட்டும் இரண்டு முறை மெதுவாக இருமுவார்.

நான் பாடசாலையில் 31 வருடம் படிப்பித்தவள். கடைசிப் பத்து வருடம் வழிகாட்டலும் ஆலோசனையும் என் பொறுப்பில் இருந்தது. தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். என்றாலும் தங்கச்சி மகன் விஷயத்தில் எனக்கும் முதலில் பிடிபடவில்லை. அவள் அடுக்கடுக்காகக் கேட்பாள்: சாப்பிட்டாயா, கேஸ் என்ன ஆயிற்று, கடிதம் வந்ததா, தூங்கினாயா, ஏன் மெலிந்துவிட்டாய்? ஒவ்வொன்றும் அன்பான கேள்வி. அவனுக்கோ ஒவ்வொன்றும் விசாரணை. வாரம் முழுவதும் யாராவது ஒரு அதிகாரி அவனைக் கேள்வி கேட்கிறார், அம்மாவும் கேட்டால் அவன் எங்கே போவான்? போதாததற்கு இரண்டு பக்கமும் ஒளிப்பு. அவன் இரவில் தூங்காததை ஒளித்தான். இவள் பிரயாணத்துக்கு வாங்கிய கடன் முழுதாக அப்படியே இருப்பதை ஒளித்தாள். ஒளிக்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிறு தங்கச்சி காலையிலிருந்து சாப்பிடாமல் வந்திருந்தாள். பையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் இருந்தன. போன் எடுபட்டபோது கையில் பாதி ரொட்டி. மறைக்கப் போனாள். அவன், "சாப்பிடுங்கள் அம்மா, நானும் தட்டைக் கொண்டுவருகிறேன்" என்றான். அங்கே மதியம் 1 மணி. ஏதோ பாஸ்டா கொண்டுவந்து வைத்தான். இருவரும் சாப்பிட்டார்கள். பேச்சே இல்லை. அவள் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொடுவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சம்பல் உறைத்து அவளுக்கு மூக்கு ஒழுகியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவன் சிரித்தான். 11 நிமிடம் அப்படியே போயிற்று. சுவர்க் கடிகாரம் என் எதிரே இருந்ததால் சொல்கிறேன். அதன் பிறகு யாரும் கேட்காமலே அவன் சொன்னான்: "இரவில் லைட்டை அணைக்க முடியவில்லை அம்மா. அணைத்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது."

ஆறு மாதத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அது. தங்கச்சி புத்திமதி சொல்லவில்லை, அழவுமில்லை. "அப்படியென்றால் லைட்டைப் போட்டுக்கொண்டே படு சாமி" என்றாள். அடுத்த வாரம் அவனே தன்னை வைத்துப் பார்க்கிற அம்மையாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறான். அவர் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு வாங்கி வைத்து, வைத்தியரிடமும் கூட்டிப்போயிருக்கிறார். இப்போது உளவளத்துணையாளர் ஒருவரை வாரம் ஒருமுறை சந்திக்கிறான். அங்கே கிடைக்கிற சிகிச்சையின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த வாசல் திறந்தது பச்சைத் திரைக்குப் பின்னால், ரொட்டித் துண்டோடு.

தனியாகப் போகும் பிள்ளைகளிடம் தூக்கமின்மையும் மனச்சோர்வும் மனவடுவும், பெற்றோரோடு போகும் பிள்ளைகளிடம் இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. இது புதிய செய்தியும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் ஹாம்ஸ்டெட்டில் உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா பிராய்டும் டொரதி பர்லிங்கமும் சிறுவர் இல்லங்கள் நடத்தினார்கள். குண்டு விழுந்ததைவிடத் தாயைப் பிரிந்ததே பல பிள்ளைகளை அதிகம் உலுக்கியதாக அவர்கள் எழுதிவைத்தார்கள். அதனால் பெற்றோர் வந்து பார்க்க அங்கே தாராளமாக இடம் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளையை நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. அகதியாக ஏற்கப்பட்ட பிள்ளை தன் பெற்றோரை அழைத்துக்கொள்ள அந்த நாட்டுக் குடிவரவு விதிகளில் இடமும் இல்லை. ஆகவே எங்களுக்கு இந்த 150 ரூபா நாற்காலிதான் வருகை.

எங்கள் வீட்டில் இது முதல் பிரிவும் அல்ல. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அந்தக் கணக்கில் எங்கள் மூத்த அக்காவும் அத்தானும் 1973இல் இதே ஹட்டன் நிலையத்தில் கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். நான் அப்போது சிறுமி. அக்காவின் நீல நிற வான்கடிதம் வர வாரக்கணக்கில் ஆகும். அம்மா அதை என்னிடம் கொடுத்து மூன்று முறை வாசிக்கச் சொல்லுவார். அக்கா அழுதுகொண்டு எழுதினாளா, சிரித்துக்கொண்டு எழுதினாளா என்று எழுத்தைப் பார்த்துத் தெரியவில்லையே என்பதுதான் அம்மாவின் குறை. ஜன்னல் பக்கம் கோச்சி ஊதும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும். தங்கச்சி மகனுக்கு அதே ஊதல் வேண்டும். சத்தம் கேட்டதும், "டப்ளட்டை ஜன்னலில் வையுங்கள் பெரியம்மா" என்பான். கோச்சி போய் முடியும்வரை வாய் திறக்க மாட்டான்.

கடைக்காரரின் இன்னொரு நல்ல வேலையைச் சொல்ல வேண்டும். சுவரில் இரண்டு கடிகாரம் மாட்டியிருக்கிறார். போன வருடம் ஒக்டோபர் கடைசி ஞாயிறு நாங்கள் வழக்கம்போல 5.30க்குப் போய் உட்கார்ந்தோம். போன் எடுபடவில்லை. 10 நிமிடம், 20 நிமிடம், அரை மணி. தங்கச்சியின் கை குளிர்ந்துவிட்டது. "என்னவோ நடந்துவிட்டது அக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். 6.30க்கு அவனே எடுத்தான், சிரித்த முகத்தோடு. அங்கே அன்றுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள்! அவனுக்கு அது 1 மணி, எங்களுக்கு ஒரு யுகம். அடுத்த ஞாயிறு போனபோது சுவரில் புதிதாக ஒரு சின்னக் கடிகாரம். கீழே காகிதத்தில் "இங்கிலாந்து" என்று எழுதி ஒட்டியிருந்தது. மார்ச் கடைசி ஞாயிறு அதை அவரே முன்னுக்குத் தள்ளிவைத்தார்.

பத்திர வேலையிலும் விஷயம் தெரிந்தவர். அங்கே பையனின் வயதில் சந்தேகம் எழுந்தது. 18 கடந்தவன் என்று முடிவு செய்துவிட்டால் சிறுவர் பராமரிப்பிலிருந்து எடுத்துப் பெரியவர்களோடு போட்டுவிடுவார்கள். எங்களிடம் இருந்த பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்தக் கேட்டு அலைந்த ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் கொழுந்துச் சம்பளம் போனதுதான் மிச்சம். பிரதேச செயலகத்தில் எந்தப் படிவம் கேட்க வேண்டும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் எதைக் கொடுக்க வேண்டும் என்று இவர்தான் ஒரு துண்டில் எழுதித் தந்தார். ஸ்கான் செய்த பிரதியை அனுப்பிவிட்டுத் தன் கணினியிலிருந்து எங்கள் கண் முன்னால் அழித்தார்.

குறைகளும் உண்டு. போட்டோகொப்பி மெஷின் ஓடினால் பேச்சு கேட்காது. பரீட்சைக் காலத்தில் அது ஓயாமல் ஓடும். 10ஆம் திகதி சம்பளத்தை ஒட்டி வரும் நாட்களில் கூட்டம் தாங்காது, அந்த மூலையிலும் பெட்டிகளை அடுக்கிவிடுகிறார்கள். சிவனொளிபாத மலைப் பருவத்தில் நல்லதண்ணிக்குப் போகிற கூட்டத்தால் பஸ் பிடிப்பது கஷ்டம், நேரத்துக்கு வந்து சேர முடிவதில்லை. மின்சாரம் போனால் எல்லாம் நின்றுவிடும். ஒரு சின்ன பற்றரி வாங்கி வையுங்கள் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். பலகைச் சுவர் போதுமான அளவு தடிப்பில்லை. முழுமனதோடு அழ வேண்டிய தாய்மாருக்கு அது போதாது.

பிள்ளையோடு தொடர்பே அறுந்தவர்களுக்கு இந்தக் கடையால் உதவ முடியாது. அவர்கள் இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தேடல் சேவையை நாட வேண்டும். பிரிந்த அகதிப் பிள்ளையின் பெற்றோரைத் தேட அரசுகள் உதவ வேண்டும் என்று ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 22ஆம் உறுப்புரையே சொல்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம். இங்கே இருக்கிற தாய்க்கும் மனம் உடையும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைத் திரைக்கு உள்பக்கம் ஒட்டும்படி நான் கேட்டேன். மறுவாரமே பெரிய எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்.

வருகிற மாதம் பையனுக்கு 18 ஆகிறது. பராமரிப்பு முறை மாறும், வீடு மாறலாம், அந்த அம்மையாரை விட்டுப் போக வேண்டியும் வரலாம். அந்தப் பயம் இரண்டு பக்கமும் இருக்கிறது. இப்போது அதை ஒளிக்காமல் பேசுகிறார்கள். பிறந்தநாள் புதன்கிழமை. தங்கச்சி அன்றைய பேரை (நாள் சம்பளத்தை) விட்டுவிட்டு வருவதாக முடிவு செய்திருக்கிறாள். போன வாரம் புறப்படும்போது, அன்று மாலை இரண்டு மணி நேரம் அந்த மூலை வேண்டும், கேசரி கொண்டுவரலாமா என்று கடைக்காரரிடம் கேட்டாள். அவர் கொப்பியைத் திறந்து திகதிக்கு நேரே கோடு போட்டு, "மெஷினை அன்றைக்கு ஓட்ட மாட்டேன்" என்றார்.