'முதலாம் லெஜியன்' என்று வரும் மார்க் ஆன்டனி வெள்ளிக்காசு: உஷார்

ரோமானியத் தளபதி மார்க் ஆன்டனியின் லெஜியன் (படைப்பிரிவு) டெனாரியஸ் என்ற பழைய வெள்ளிக்காசை வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இணையத்தில் ஒரு வியாபாரி என் தலையில் கட்டிய காசைப் பற்றியது.

கி.மு. 32-31இல், ஆக்டியம் போருக்கு முன், படைகளுக்குச் சம்பளம் கொடுக்க ஆன்டனி அடித்த காசு இது. முன்பக்கம் துடுப்புக் கப்பல். பின்பக்கம் இரண்டு கொடிக்கம்பங்களுக்கு நடுவே கழுகு. கழுகுக் கம்பத்தின் இடப்பக்கம் 'லெக்' என்று மூன்று எழுத்து, வலப்பக்கம் படைப்பிரிவின் எண். விலையை ஏற்றுவதும் இறக்குவதும் அந்த எண்தான். இரண்டாம் லெஜியன் எளிதில் கிடைக்கும், முதலாவது அபூர்வம்.

எனக்கு வந்ததில் கம்பத்துக்கு வலப்பக்கம் ஒரே ஒரு கோடு. 'ரோமன் ஒன்று' என்று சொல்லிப் பல மடங்கு விலை வாங்கினார். படத்தில் எதுவும் தெரியவில்லை. லென்ஸில் பார்த்தால், கோட்டுக்கு அடுத்த இடம் மட்டும் லேசாகப் பள்ளம். காசு முழுக்க பழைய கருமை படிந்திருக்க, அங்கே மட்டும் பளபளப்பு. ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். இரண்டைச் சுரண்டி ஒன்றாக்கியிருக்கிறார்கள்! காசு அசல், வெள்ளி அசல், எண் மட்டும் பொய். எடை போட்டெல்லாம் இதைப் பிடிக்க முடியாது.

பிடிக்க வேறு வழி இருக்கிறது. உண்மையான முதலாம் லெஜியன் காசில் ஒற்றைக் கோடு வராது. லத்தீனில் 'முதல்' என்று பொருள்படும் 'பிரிமா' என்பதைச் சுருக்கி பி, ஆர், ஐ என்று மூன்று எழுத்து போட்டிருப்பார்கள். விற்பவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் 'தேய்மானம்' என்றார். இந்தக் காசுகள் தேய்ந்துதான் கிடைக்கும், சரி. செம்பு அதிகம் கலந்த மட்ட வெள்ளி என்பதால் உருக்காமல் விட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கைமாறின. ஆனால் பக்கத்துக் கோட்டை விட்டுவிட்டு ஒரு கோட்டை மட்டும் வழித்தெடுக்கும் தேய்மானம் உண்டா? அப்புறம், 'நீங்களே சுரண்டியிருப்பீர்கள்' என்று பழியைத் திருப்பினார். நல்லவேளை, விற்பனைப் பக்கத்தையும் படங்களையும் சேமித்து வைத்திருந்தேன். பணம் கட்டிய நிறுவனத்திடம் அவற்றோடு புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை.

எண் உள்ள பகுதியைச் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அதே ஆள் இப்போது 'இருபத்தைந்தாம் லெஜியன்' என்று ஒன்றைப் போட்டிருக்கிறார். ஐயமில்லாமல் ஏற்கப்பட்ட வரிசை 23ஓடு முடிகிறது.