அம்பர்லா நிறுவனம் வழியாக நான்கு ஆண்டுகள்: ஒரு கான்ட்ராக்டரின் கணக்கு

லண்டனில் ஏழு ஆண்டுகள் சொந்த லிமிடெட் கம்பெனி வழியாக ஐடி கான்ட்ராக்டராகப் பணியாற்றிவந்த நான், 2021 ஏப்ரலில் கான்ட்ராக்டர்களுக்கு இடைநிலை முதலாளியாக இருந்து சம்பளம் தரும் அம்பர்லா நிறுவனத்துக்கு மாறினேன். விரும்பி மாறவில்லை. ஒரு கான்ட்ராக்டர் உண்மையிலேயே தனித்தொழில் செய்பவரா, பெயர் மாறிய ஊழியரா என்று பார்க்கும் ஐஆர்35 விதி 2000ஆம் ஆண்டிலிருந்தே இருந்தாலும், அதைத் தீர்மானிக்கும் பொறுப்பு நெடுங்காலம் எங்கள் கையிலேயே இருந்தது. 2017இல் அரசுத் துறையிலும், பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளிப்போய் 2021இல் தனியார் துறையிலும், அந்தப் பொறுப்பு வேலை கொடுக்கும் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. நான் அப்போது பணிபுரிந்த வங்கி, ஒவ்வொருவருடைய பணியையும் தனித்தனியே ஆராயும் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. லிமிடெட் கம்பெனி வழியாக இனி யாரையும் வைத்துக்கொள்வதில்லை என்று இரண்டு வரி மின்னஞ்சலில் முடித்துக்கொண்டது. அதன் பிறகு நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, ஐந்து ஒப்பந்தங்களுக்காக, மூன்று அம்பர்லா நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கிறேன்.

சென்னை, ஹைதராபாத் நிறுவனங்கள் அனுப்பி இங்கே வந்து, நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும் கான்ட்ராக்ட் பக்கம் திரும்பும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த அம்பர்லாவில் கட்டணம் குறைவு என்பதைத்தான். கேட்க வேண்டியவற்றில் கடைசியாக வர வேண்டியது அது. வாரத்துக்கு 15 பவுண்டா 25 பவுண்டா என்ற வேறுபாட்டைத் தேடிக் களைத்துப்போய், ஆயிரக்கணக்கில் பணம் போகும் இடங்களைப் பார்க்காமல் விட்டவர்களில் நானும் ஒருவன்.

ஏற்பாடு எளிமையானது. வேலை கொடுக்கும் நிறுவனம், ஆள் தேடித் தரும் ஏஜென்சிக்கும், ஏஜென்சி அம்பர்லாவுக்கும் பணம் தருகின்றன. அம்பர்லா என்னைத் தன் ஊழியராக வைத்துக்கொண்டு, வருமான வரியையும், சமூகப் பாதுகாப்புக்கான கட்டாயப் பங்களிப்பான தேசியக் காப்பீட்டையும் பிடித்துக்கொண்டு மீதியைத் தருகிறது. ஏஜென்சி பேசும் நாள் ஊதியம் என் சம்பளம் அன்று என்பதுதான் இதில் பலருக்கும் விளங்காமல் போகும் இடம். அம்பர்லா எனக்கு முதலாளி என்பதால், முதலாளி செலுத்த வேண்டிய தேசியக் காப்பீடும் தொழிற்பயிற்சி வரியும் அந்தத் தொகைக்குள்ளிருந்தே கழிக்கப்படுகின்றன. முதலாளியின் பங்கை நான் ஏன் கட்ட வேண்டும் என்று முதல் சம்பளச் சீட்டான பேஸ்லிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் சண்டை போட்டேன். சட்டப்படி அதில் தவறில்லை. பேசும்போதே அந்தச் செலவையும் சேர்த்து ஊதியத்தைக் கேட்காதது என் பிழை.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். நாளுக்கு 500 பவுண்டு வீதம் வாரத்துக்கு 2,500 என்று வைத்துக்கொள்வோம். அம்பர்லாவின் கட்டணம் 20 போக மீதி 2,480. 2025 ஏப்ரலில் முதலாளியின் காப்பீட்டு வீதம் 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக ஏறியதோடு, அது விதிக்கப்படத் தொடங்கும் வரம்பும் ஆண்டுக்கு 9,100 பவுண்டிலிருந்து 5,000 ஆகக் குறைந்துவிட்டது. ஆகவே காப்பீட்டுக்குச் சுமார் 309, தொழிற்பயிற்சி வரிக்குச் சுமார் 11 போக, ஓய்வூதியத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், என் உண்மையான மொத்தச் சம்பளம் 2,160 பவுண்டு. அதிலிருந்து என் பங்குக்கான வரியும் காப்பீடும் போனால் கைக்கு வருவது ஏறத்தாழ 1,450. அம்பர்லாவின் 20 பவுண்டு இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

முதல் நிறுவனத்தில் நான் உண்மையாகவே இழந்தது விடுப்புச் சம்பளம். ஆண்டுக்கு 5.6 வாரம் ஊதியத்துடன் விடுப்பு தர வேண்டும் என்பது சட்டம். அதையே அடிப்படைச் சம்பளத்தில் 12.07 சதவீதம் என்று கணக்கிடுவார்கள். மேலே சொன்ன 2,160 பவுண்டில் 1,927தான் அடிப்படைச் சம்பளம், 233 விடுப்புக்கானது. இதை வாரந்தோறும் சம்பளத்தோடு சேர்த்தே தந்துவிடும் முறையும் உண்டு. பிடித்துவைத்து, விடுப்பு எடுக்கும்போது தரும் முறையும் உண்டு. என்னை இரண்டாவது முறையில் சேர்த்திருந்தார்கள். விடுப்பு ஆண்டு டிசம்பரோடு முடிகிறது என்பதும், அதற்குள் கேட்காத தொகை கைவிட்டுப் போகும் என்பதும் ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருந்தன. ஆகஸ்டில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்வந்ததோடு சரி; மீதியை ஜனவரியில் கேட்டபோது, ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்று பதில் வந்தது. போனது 2,000 பவுண்டுக்கு மேல். அந்த நிறுவனத்தின் வாரக் கட்டணம் சந்தையிலேயே ஆகக் குறைவாக இருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டாவது நிறுவனத்தில் சேரும்போது, விடுப்புச் சம்பளத்தை வாரந்தோறும் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்ட பின்னரே கையெழுத்திட்டேன்.

அம்பர்லாவால் எனக்குக் கிடைத்த பெரிய நன்மை ஓய்வூதியம். சம்பளத்தின் ஒரு பகுதியை வாங்காமலே விட்டுக்கொடுத்து, அதை நேராக ஓய்வூதியக் கணக்கில் போடச் சொல்லலாம். அப்படிச் செய்யும்போது என் வரியும் காப்பீடும் மட்டுமல்ல, முதலாளியின் காப்பீடும் குறைகிறது. அந்த மிச்சத்தை முழுவதும் என் கணக்கிலேயே சேர்க்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 40 சதவீத வரிப்படியில் இருப்பவருக்கு, ஏஜென்சி தரும் தொகையில் 100 பவுண்டு சம்பளமாக வந்தால் கையில் நிற்பது சுமார் 50; ஓய்வூதியத்துக்குப் போனால் 100ம் அப்படியே போகிறது. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டினால் வரியில்லா வரம்பும் கரையத் தொடங்குவதால், அந்தப் படியில் 100க்குக் கையில் நிற்பது சுமார் 33தான். ஆண்டுக்கு 60,000 பவுண்டு என்ற உச்சவரம்பும், மிஞ்சும் சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. இந்தக் காப்பீட்டுச் சலுகையை ஆண்டுக்கு 2,000 பவுண்டு பங்களிப்போடு நிறுத்தும் மாற்றம் 2029 ஏப்ரலில் வர இருப்பதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள்; இருக்கும் வரை பயன்படுத்திக்கொள்கிறேன்.

மற்ற வசதிகள் சிறியவை. கணக்காளர், ஆண்டறிக்கை, மதிப்புக் கூட்டு வரி ஆகிய தொல்லைகள் இல்லை. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது பேஸ்லிப் இருந்தது வேலையை எளிதாக்கியது. ஊழியர் என்று பெயரே தவிர, ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை சம்பளம் கிடையாது. 2016க்குப் பிறகு, அடுத்தவர் மேற்பார்வையில் வேலை செய்யும் அம்பர்லா ஊழியருக்குப் பயணச் செலவில் வரிச் சலுகையும் இல்லை. ரெடிங்கிலிருந்து கேனரி வார்ஃபுக்கு ரயிலில் போய்வந்த ஓராண்டில் இதை நன்றாகவே உணர்ந்தேன்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் விட முடியாது. இரண்டாவது ஒப்பந்தத்தின்போது, 85 சதவீதம் கைக்கு வரும் என்று ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சம்பளம் குறைந்தபட்ச ஊதிய அளவில் இருக்கும், மீதி கடனாகவோ வேறொரு பெயரிலோ வரும், அதற்கு வரி இல்லை என்றார். மேலே பார்த்த கணக்கின்படி நேர்மையான எந்த நிறுவனமும் அந்தச் சதவீதத்தைத் தர முடியாது. இத்தகைய பழைய கடன்களின் மேல் 2019இல் விதிக்கப்பட்ட கடன் வரி, திட்டத்தை விற்றவர்களை விட்டுவிட்டு அதில் சேர்ந்த கான்ட்ராக்டர்கள் தலையில்தான் விழுந்தது. வீட்டை விற்கும் நிலைக்கு வந்த ஒருவரை நான் நேரில் அறிவேன். வரித் துறையான எச்எம்ஆர்சி தான் அறிந்த வரித் தவிர்ப்புத் திட்டங்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது; அதில் பெயர் இல்லை என்பதால் மட்டும் ஒரு நிறுவனத்தை நம்பிவிட முடியாது. அம்பர்லா வரியைக் கட்டாமல் போனால் ஏஜென்சியும் பொறுப்பு என்ற விதி 2026 ஏப்ரல் 6 முதல் என்பதால், ஏஜென்சிகள் தாங்கள் ஏற்றுக்கொண்ட அம்பர்லாக்களின் பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றை ஏற்கத் தயங்குகின்றன. பட்டியலில் மூன்று பெயர்கள் இருந்தால் மூன்றிடமும் மாதிரி பேஸ்லிப் கேட்டு வாங்குவது என் வழக்கம். ஏஜென்சி தர வேண்டிய முக்கியத் தகவல் ஆவணம் 2020 முதல் சட்டப்படி கட்டாயம். அதில் எல்லாப் பிடித்தங்களும் மாதிரிக் கணக்கோடு இருக்கும்.

உண்மையான தனித்தொழில் என்று தீர்மானிக்கப்பட்ட, அதாவது ஐஆர்35க்கு வெளியே உள்ள ஒப்பந்தம் கிடைத்தால் நான் இன்றும் லிமிடெட் கம்பெனியையே தேர்ந்தெடுப்பேன். 2023இல் கம்பெனி வரி ஏறியதும், ஈவுத்தொகைக்கான வரியில்லா வரம்பு 500 பவுண்டாகச் சுருங்கியதும் லிமிடெட் கம்பெனியால் கிடைக்கும் லாபத்தைக் குறைத்திருந்தாலும் அழித்துவிடவில்லை. விதிக்கு உள்ளே என்று தீர்மானிக்கப்பட்ட வேலைக்கு லிமிடெட் கம்பெனியை வைத்திருப்பதில் பயனில்லை. அங்கே தேர்வு அம்பர்லாவுக்கும் ஏஜென்சியின் நேரடிச் சம்பளப் பட்டியலுக்கும் இடையில்தான்.

அண்மையில் கிடைத்த ஒப்பந்தத்தில் அந்தத் தேர்வு நேராகவே என் முன் வந்தது. அம்பர்லா வழியாக நாளுக்கு 500 பவுண்டு, அல்லது ஏஜென்சியின் நேரடி ஊழியராக 400 பவுண்டும் அதன் மேல் விடுப்புச் சம்பளமும். விடுப்பைச் சேர்த்தால் 400 என்பது 448 ஆகிறது. அம்பர்லாவின் 500 எல்லாம் போக 432 ஆகிறது. வாரத்துக்கு 80 பவுண்டு அதிகம் தருவது ஏஜென்சிதான். ஆனால் அந்த ஏஜென்சியில் சம்பளத்தை விட்டுக்கொடுத்து ஓய்வூதியம் சேர்க்கும் வசதி இல்லை. வாரம் 600 பவுண்டு அப்படிச் சேர்க்கும் எனக்கு, அம்பர்லாவில் முதலாளியின் காப்பீட்டிலும் பயிற்சி வரியிலும் மட்டுமே 93 பவுண்டு மிச்சமாகிறது. வாரத்துக்கு 13 பவுண்டு வேறுபாட்டுக்காக அம்பர்லாவிலேயே தொடர்கிறேன். ஓய்வூதியம் சேர்க்காத என் சக பணியாளர் அதே வேலைக்கு ஏஜென்சியின் பட்டியலில் சேர்ந்தார், அவர் கணக்கும் சரிதான்.