பயாஸ் அப்டேட்டும் பறிபோன ஃபேன் கர்வும்

நண்பர் ஒருவர் புதிதாக பிசி அசெம்பிள் செய்யப் போகிறார். "உன்கிட்ட இருக்கிற மதர்போர்டையே நானும் வாங்கிடவா?" என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் பயாஸுக்கு (போர்டிலேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டு, என் ஃபேன் செட்டிங் மொத்தமும் போயிருந்தது.

என்னுடையது பி550 போர்டு, ஏஎம்டியின் ரைசன் 5 5600எக்ஸ் ப்ராசஸர். கம்பெனி பெயர் வேண்டாம். வேகம், ரேம், யுஎஸ்பி எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் புலம்பல் எல்லாம் ஃபேனைப் பற்றித்தான்.

இந்த ப்ராசஸரின் சூடு ஓரிடத்தில் நிற்காது. சும்மா இருக்கும்போது 45 டிகிரி காட்டும். பிரவுசரில் ஒரு டேப் திறந்தால் போதும், ஏதோ ஒரு கோர் 4.6 கிகாஹெர்ட்ஸுக்கு எகிறி, சூடு சட்டென்று 60ஐத் தாண்டி, உடனே இறங்கிவிடும். ப்ராசஸர் மேல் இருக்கும் கூலரின் அலுமினியத்துக்கு அந்தச் சூடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இது பழுது அல்ல, அதன் சுபாவம். 95 டிகிரி வரை ஏஎம்டியே அனுமதிக்கிறது. ஆனால் போர்டோடு வந்த ஃபேன் கர்வுக்கு, அதாவது எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு வேகம் என்று சொல்லும் கோட்டுக்கு, அது புரியாது. ஒவ்வொரு துள்ளலுக்கும் 'ஊ' என்று ஏறி, இறங்கி, மறுபடி ஏறும். சத்தம் எனக்குப் பிரச்சினையே இல்லை. சீலிங் ஃபேன் சத்தம் யார் காதிலாவது விழுகிறதா? ஏறி ஏறி இறங்குவதுதான் மண்டையைக் குடைகிறது.

மருந்தும் அதே பயாஸில்தான் இருக்கிறது. சூடு ஏறினால் ஃபேன் எத்தனை நொடி பொறுத்து வேகமெடுக்க வேண்டும், எத்தனை நொடி பொறுத்துத் தணிய வேண்டும் என்று வைக்க இடம் உண்டு. இரண்டையும் கூட்டி வைத்தேன். 65 டிகிரி வரை 35 சதவீதத்திலேயே சமமாகப் போகும், அதற்கு மேல் ஏறி 85இல் முழு வேகம். கேபினட் ஃபேன்களை ப்ராசஸர் சூட்டைப் பார்க்க விடாமல் போர்டின் சென்சாரைப் பார்க்கச் சொன்னேன். பெட்டிக்குள் காற்று மெதுவாகத்தானே சூடாகிறது. பின்பக்கம் இருக்கும் பழைய 3 பின் ஃபேனுக்கு டிசி மோட், அதாவது வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுவது. அதை பிடபிள்யூஎம்மில் (நான்காவது பின் வழியாக வேகத்தைச் சொல்லும் முறை) விட்டால் நேரே 12 வோல்ட் போய், எப்போதும் முழு வேகத்தில் கத்தும்.

யூடியூப் ரிவ்யூக்களில் வரும் கர்வை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். அவர்கள் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து அளக்கிறார்கள். சென்னையில் மே மாதம் ஏசி போடாத அறையே 35. ப்ராசஸருக்குப் போடும் எந்த ஏர் கூலரும் அதை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. அந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டுதான் புள்ளி வைக்க வேண்டும்.

ஒருமுறை வைத்துவிட்டால் சொர்க்கம், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். வேலையைச் செய்வது போர்டில் உள்ள சிப். அதனால் விண்டோஸோ லினக்ஸோ, எது ஓடினாலும் ஒரே அமைதி. பின்னணியில் தனி சாஃப்ட்வேர் எதுவும் ஓட வேண்டாம்.

அப்புறம் ஒரு அப்டேட் வரும். எல்லாம் டீஃபால்ட். புரொஃபைல் சேமிக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பென் டிரைவில்கூடப் போட்டு வைக்கலாம். பழைய பயாஸில் சேமித்ததைப் புதியது ஏற்காது, அவ்வளவுதான்! போனில் எடுத்து வைத்த படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியையும் மவுஸால் இழுக்க வேண்டும். 35இல் விட்டால் 37இல் போய் உட்காரும். அப்டேட்டே போடாமல் இருக்கலாமே என்றால் அதுவும் முடியாது. எஃப்டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி காரணமாக ரைசன் சிஸ்டங்கள் அவ்வப்போது திக்கித் திணறுகின்றன என்று 2022இல் ஏஎம்டியே ஒப்புக்கொண்டது. அதற்கான தீர்வு பயாஸ் வழியாகத்தான் வந்தது.

நண்பருக்கு "வேண்டாம், வேறு பார்" என்று பதில் போட்டுவிட்டேன். கர்வை மறுபடி வரைந்து முடித்த பிறகு கேட்டிருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ. எந்த போர்டு வாங்கினாலும் 3 பின் ஃபேன் மட்டும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.