விளையாடி முடித்த விளையாட்டுச் சாமான்: சென்னையில் எங்கே விற்றால் எவ்வளவு தேறும்?

பிள்ளை உட்கார்ந்து ஓட்ட 12,000 ரூபாய்க்கு வாங்கிய பேட்டரி காரைப் பழைய பேப்பர் கடையில் போட்டால் பிளாஸ்டிக் எடைக்குத்தான் காசு. அதே காரைத் துடைத்து, பேட்டரி மாற்றி, சரியான இடத்தில் விளம்பரம் போட்டால் 3,500 முதல் 4,500 வரை கேட்கலாம். பிள்ளைகள் வளர்ந்த வீட்டுப் பரணில் இப்படி நாலைந்து சாமானாவது முடங்கிக் கிடக்கும். சென்னையில் அவற்றை விற்க நான்கு வழிகள் உண்டு: அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், ஓஎல்எக்ஸ், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. எல்லாச் சாமானுக்கும் ஒரே இடம் ஒத்துவராது. எதை எங்கே போடுவது என்பதில்தான் பாதிக் காசு இருக்கிறது.

நல்ல பழைய சாமானுக்கு இப்போது கிராக்கி இருப்பதற்குக் காரணம் உண்டு. இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். தெருவோரம் கிடைத்த மலிவு இறக்குமதிச் சாமான் குறைந்தது. நல்ல பிராண்டுகளின் விலை ஏறியது. ஆகவே உங்கள் சாமானிலோ அதன் பெட்டியிலோ ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதைத் தனியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். சின்னக் குழந்தைக்கு வாங்குகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.

விலை வைக்கும்போது பலரும் சறுக்குவது எம்ஆர்பியைப் பார்ப்பதில். பெட்டியில் 4,999 என்று அச்சிட்டிருக்கும். ஆன்லைனில் அதே சாமான் இன்று 2,600க்குப் புதிதாகவே கிடைக்கும். வாங்குகிறவர் ஒப்பிடுவது அந்த 2,600உடன். எனவே இன்றைய ஆன்லைன் விலையை அடிப்படையாக வையுங்கள். முழு செட்டாக உள்ள லெகோவுக்கு அதில் 50 முதல் 60 சதவீதம், சைக்கிள், ஸ்கூட்டர், சறுக்குமரம் போன்றவற்றுக்கு 40, ஓடுகிற நிலையில் உள்ள பேட்டரி காருக்கு 30 முதல் 40, புதிர் அட்டை, போர்டு கேம், சொப்புச் சாமான் வகைகளுக்கு 30. துணிப் பொம்மைக்கு விலை எதிர்பார்க்காதீர்கள். வேறொரு சாமானோடு இனாமாகச் சேர்த்துக் கொடுத்தால் அந்தச் சாமான் சீக்கிரம் போகும்.

முதல் இடம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவுக்கே. வெளியில் கிடைப்பதைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைவாகத்தான் வரும். ஆனாலும் வண்டி வாடகை இல்லை, முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலுக்கு வருவதில்லை, பணம் கைக்கு வந்த பிறகே சாமான் லிஃப்டில் இறங்கும். இங்கே நன்றாகப் போவது வயது வாரியாகக் கட்டிய மூட்டை. “2 முதல் 3 வயது: அடுக்கு வளையம், மர எழுத்துப் பலகை (26 எழுத்தும் உள்ளன), தள்ளுவண்டி, 6 அட்டைப் புத்தகங்கள். மொத்தம் 900. பி பிளாக். சனி, ஞாயிறு காலை 10 முதல் 12க்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம். முதலில் கேட்பவருக்கு.” இவ்வளவு போதும். தனித்தனியாக 150, 200 என்று போட்டால் ஆறு பேர் ஆறு நேரத்தில் மணி அடிப்பார்கள். கடைசியில் நல்லதெல்லாம் போய் நோஞ்சான் சாமான் மட்டும் உங்களிடமே தங்கிவிடும்.

இந்தக் குழுவில் ஒரு சங்கடமும் உண்டு. இரண்டு வாரத்தில் சாமான் பழுதானால் வாங்கியவர் லிஃப்டிலேயே எதிரில் நிற்பார். மோட்டார், பேட்டரி உள்ள சாமான்களில் சந்தேகம் இருந்தால் குழுவில் போடவே வேண்டாம். குறையை எழுதிவிட்டால் பிரச்சினை இல்லை: “இசை வரும், விளக்கு எரியாது” என்று வெளிப்படையாகப் போட்ட சாமானைத் திருப்பிக் கொண்டுவருகிறவர் அரிது.

லெகோ, ஹாட் வீல்ஸ், சேகரிப்பவர்கள் தேடும் எதுவானாலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ்தான். உள்ளூர் விற்பனைக்குக் கட்டணம் இல்லை, ஒரு விளம்பரத்துக்குப் பத்துப் படம் வரை போடலாம், கேட்பவரின் பக்கத்தைப் பார்த்து ஆள் எப்படி என்று ஓரளவு கணிக்கலாம். அலுப்பு தருவது “இது இருக்கிறதா?” என்ற தயார்ச் செய்தி. பொத்தானை அழுத்திவிட்டுக் காணாமல் போகிறவர்களே அதிகம். “இருக்கிறது. வேளச்சேரி. எப்போது வந்து பார்க்கிறீர்கள்?” என்ற ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அனுப்புங்கள். நேரம் சொல்கிறவரோடு மட்டும் மேற்கொண்டு பேசினால் போதும்.

லெகோவில் கொஞ்சம் உழைத்தால் விலை இரட்டிப்பாகும். கலந்து கிடக்கும் கட்டைகளை ஒரு வாளியில் போட்டு “லெகோ, மொத்தமாக” என்று விற்றால் யாரும் நல்ல விலை தர மாட்டார்கள். கையேட்டின் அட்டையில் செட் எண் இருக்கும். கையேடு தொலைந்திருந்தாலும் செட்டின் பெயர் தெரிந்தால் போதும். லெகோவின் தளத்தில் கையேடு இலவசமாகக் கிடைக்கும். அதை வைத்து ஒருமுறை முழுதாகக் கட்டிப் பாருங்கள். எந்தத் துண்டு குறைகிறது என்று அப்போதுதான் தெரியும். சாதாரணக் கட்டை மூன்று நான்கு குறைந்தால் பெரிதாகப் பாதிக்காது. செட்டோடு வந்த மனிதப் பொம்மை ஒன்று குறைந்தால் விலை சட்டென்று இறங்கும். அசல் லெகோவில் கட்டையின் மேலுள்ள ஒவ்வொரு குமிழின் தலையிலும் லெகோ என்ற எழுத்து மிகச் சிறிதாகப் பொறித்திருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் நான்கு குமிழ் தெரியும்படி நெருக்கமாக ஒரு படம் எடுத்துப் போட்டால், இது நகலா என்ற கேள்வியே வராது. கழுவும்போது 40 டிகிரிக்கு மேல் சூடான நீர் வேண்டாம் என்பது லெகோவே சொல்லும் அளவு. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசி, நிழலில் துண்டின் மேல் பரப்பிக் காயவிடுங்கள். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளிக்கத் தொடங்கும்.

ஹாட் வீல்ஸ் காரின் அடியில் ஒரு ஆண்டு அச்சிட்டிருக்கும். அது அந்த வடிவத்துக்கு உரிமை பதிவான ஆண்டு. கார் தயாரான ஆண்டு அல்ல. “1998 மாடல், அபூர்வம்” என்று அதை நம்பி விலை ஏற்றிப் போட்டால் விவரம் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சக்கரம் நேராக உருளும் கார்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்து விற்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பேட்டரி கார், சைக்கிள், சறுக்குமரம், தொட்டில் போன்ற பெரிய சாமானுக்கு ஓஎல்எக்ஸ். 2023இல் இந்திய ஓஎல்எக்ஸை வாகன விற்பனைத் தளங்களை நடத்தும் கார்டிரேடு நிறுவனம் வாங்கியது. கார், பைக் விற்பனைக்கே அங்கே முதலிடம். என்றாலும் தாம்பரம், ஆவடி, திருவள்ளூர் பக்கத்திலிருந்து வண்டி எடுத்து வந்து தூக்கிக்கொண்டு போகத் தயாராக இருப்பவர்கள் இன்னும் அங்கேதான் தேடுகிறார்கள். 300 ரூபாய்ச் சாமானை அங்கே போடுவது நேர விரயம்.

எச்சரிக்கை ஒன்று. விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடம் ஒருவர் அழைப்பார். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வந்திருக்கிறேன் என்பார். பொம்மையைப் பார்க்காமலே கேட்ட விலைக்குச் சம்மதிப்பார். “பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்” என்பார். யூபிஐயில் பணம் பெற எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் எண்ணும் போட வேண்டியதில்லை. பின் எண் கேட்டாலே பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று பொருள். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும்.

பேட்டரி காரை விளம்பரம் போடுமுன் அரை நாள் அதற்கென ஒதுக்குங்கள். ஆறு மாதம் சும்மா கிடந்த கார் பெரும்பாலும் ஓடாது. பழுது காரில் இல்லை, பேட்டரியில். உள்ளே இருப்பது லெட் ஆசிட் பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, கழற்றி, இரண்டு மணி நேரம் கழித்து வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி 12.6க்கு மேல் காட்ட வேண்டும். பிறகு காரைச் செங்கல்மேல் தூக்கி வைத்துச் சக்கரத்தைச் சுழல விட்டு மறுபடி பாருங்கள். 10.5க்குக் கீழே சரிந்தால் பேட்டரி போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரி விற்கும் கடையில் அதே வோல்ட், அதே ஆம்பியர்-ஹவர், அதே அளவுப் பெட்டி என்று கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் வரும். ஓடாத கார் 1,200க்குப் போனால் பெரிது; ஆயிரம் செலவழித்து ஓட வைத்தால் 4,000 கேட்கலாம். சிவப்பு ஒயர் சிவப்பு முனைக்குத்தான். மாற்றிய பிறகும் ஓடாவிட்டால் பேட்டரிக்குப் பக்கத்தில் உள்ள ஃப்யூஸைப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் கறகறவென்று சத்தம் போட்டுத் திணறினால் உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. மோட்டாரோடு சேர்த்த கியர்பாக்ஸாகத்தான் மாற்ற வேண்டும். அதை மறைக்காமல் எழுதி விலையைக் குறையுங்கள். சார்ஜரையும் சரிபாருங்கள்: வேறு காரின் 12 வோல்ட் சார்ஜரை 6 வோல்ட் பேட்டரியில் செருகினால் பேட்டரி சூடேறி வீங்கும்.

சின்ன பேட்டரி பொம்மைகளில் மூடியைத் திறந்ததும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொரிந்திருக்கும். ஆல்கலைன் செல் கசிந்திருந்தால் அது காரம். கையுறை போட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, கம்பிச் சுருளை மெல்லிய உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்தால் பல பொம்மைகள் உயிர் பெறும்.

ஒட்டிய ஸ்டிக்கருக்குத் தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டால் பசையோடு வழித்துவிடலாம். பிளாஸ்டிக்கில் பட்ட மார்க்கர் கிறுக்கலுக்கு சானிடைசர் போதும். ஆனால் அதே சானிடைசரைச் சன்னப்பட்டணப் பொம்மையில் தடவிவிடாதீர்கள். வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்கு ஏற்றிய பொம்மை அது. அரக்கு ஆல்கஹாலில் கரையும், நிறம் கையோடு வந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துவதே சரி. பரணில் கிடந்து பிசுபிசுத்த ரப்பர் பொம்மையைக் கழுவினாலும் ஒரு மாதத்தில் மறுபடி பிசுபிசுக்கும். பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருந்த ரசாயனம் வெளியே கசிகிறது. அதை விற்க வேண்டாம்.

விற்கக் கூடாதவை இன்னும் சில உண்டு. நடை பழகும் குழந்தையை உட்கார வைக்கும் சக்கர வாக்கர் ஒன்று: படிக்கட்டில் உருண்ட விபத்துகளால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது, பழையதையும் சேர்த்து. பொத்தான் பேட்டரி உள்ள பொம்மையில் மூடியின் திருகாணி தொலைந்திருந்தால் விற்காதீர்கள். விழுங்கிய பேட்டரி இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். குட்டிக் காந்த உருண்டைகள், விபத்தில் சிக்கிய காரில் இருந்த குழந்தை இருக்கை ஆகியவையும் அப்படியே. 500 ரூபாய்க்காக இன்னொரு வீட்டுக் குழந்தைக்கு ஆபத்தைக் கைமாற்றக் கூடாது.

மிச்சம் மீதிக்குப் பல்லாவரம். பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிதோறும் கூடும் சந்தையில் பழைய சாமான் கடை போட்டிருப்பவர்களிடம் மொத்தமாகக் கொடுத்துவிடலாம். அவர்கள் விற்று லாபம் பார்க்க வேண்டும் என்பதால் மிகக் குறைத்தே கேட்பார்கள். காலையில் சீக்கிரம் போங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு உங்களோடு பேச அவர்களுக்கு நேரம் இருக்காது. இரண்டு சாக்கு பொம்மையோடு ஆட்டோ வைத்துப் போனால் ஆட்டோ காசு கூடத் தேறாது. வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும்போது எடுத்துப் போவதே லாபம்.

கூரியரில் அனுப்பக் கேட்பவர்களுக்கு விலை சொல்லுமுன் பெட்டியை அளந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் கிலோவுக்குக் கட்டணம் போடும் நிறுவனங்கள் உண்டு. 40, 30, 25 அளவுப் பெட்டி 6 கிலோவாகக் கணக்காகும், உள்ளே இருப்பது 800 கிராம் டெடி பொம்மையாக இருந்தாலும். லெகோ, கார்கள் போல அடர்த்தியான சாமானுக்கே கூரியர் கட்டுப்படியாகும்.

போகிக்கு முந்தைய வாரம் எல்லா வீட்டிலும் பரண் காலியாவதால் அப்போது எதற்கும் விலை நிற்காது. முழுஆண்டுத் தேர்வு முடியும் ஏப்ரல் நல்ல காலம்: விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது என்று பெற்றோர் தேடுகிற நேரம். விளம்பரத்தை வெள்ளிக்கிழமை மாலை போடுங்கள். போடுமுன் அந்தச் சாமானை இரண்டு மாதம் கண்ணில் படாமல் எடுத்து வைத்து, பிள்ளை தேடுகிறதா என்று பாருங்கள். தேடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விற்றுப் போனதும் விளம்பரத்தை அன்றே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்தும் “இது இருக்கிறதா?” வந்துகொண்டிருக்கும்.